துருவை வென்ற துரு

மனிதன் இரும்பை உருக்கிக் கருவி செய்யக் கற்ற நாள் தொட்டு அவனை விடாது தொடர்ந்துவரும் பகை துரு. கறள் என்று நம் ஊர்களில் வழங்குவதும் இதுவே. கலப்பையின் கொழுவும் மண்வெட்டியும் உழைப்பினால் தாமே மினுங்கும். ஆண்டிற் சில நாட்களே கையிலெடுக்கப்பட்டு, எஞ்சிய நாட்களிற் சுவரோடு சாத்தப்படும் வேட்டைத் துப்பாக்கிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனைத் துருவினின்று காக்க வேறு யாராவது உழைத்தாக வேண்டும். பிரபுக்களின் துப்பாக்கிக் குழல்களிற் படிந்த கருநிறத்துக்குப் பின்னே இருக்கும் அவ்வுழைப்பின் வரலாற்றையே இங்கு நோக்குவோம்.

இரும்பும் நீரும் ஒட்சிசனும் ஒன்று கூடினாற் துரு பிறக்கிறது. உப்புச் சேர்ந்தால் அது விரைந்து வளர்கிறது. கடற்கரையோரம் வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கைவியர்வையிலுள்ள உப்பே போதும். மினுக்கிய இரும்பிற் பதிந்த விரலடையாளம் சில நாட்களிற் செந்நிறக் கறையாகிவிடும். இச்செந்துரு பஞ்சுபோன்று நுண்துளைகள் கொண்டது. ஆகையால் அது தன்கீழுள்ள இரும்பைக் காப்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்து மேலும் அரிக்கிறது. இரும்புக்கு இன்னோர் ஒட்சைட்டும் உண்டு. அது கரியது, இரும்போடு இறுகப் பற்றுவது, எண்ணெயைத் தன்னுள் ஏந்திக்கொள்வது. செந்துருவைக் கருந்துருவாக மாற்றிவிட்டால், அழிக்க வந்ததே காவலாகிவிடும். ஒட்சிசனுக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டுவதற்கு முன்பே இவ்வழியிற் கால்வைத்தவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள்.

18ஆம் நூற்றாண்டின் பிரித்தானியச் சிப்பாயின் துப்பாக்கிக்குழல் வெள்ளிபோல் மினுங்கியாக வேண்டும் என்பது அணிவகுப்பு விதி. சிப்பாய் செங்கற்தூளும் எண்ணெயும் கொண்டு அதனை ஓயாது தேய்த்தான். தேய்க்குந்தோறும் இரும்பும் தேய்ந்தது. ஒளிவிடும் குழல் அவன் இருக்குமிடத்தைப் பகைவனுக்குக் காட்டியும் கொடுத்தது. 1800ஆம் ஆண்டளவில் அப்படையிற் புகுந்த பேக்கர் துப்பாக்கியின் குழலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றப்பட்டது. அதன்பின் பழுப்பேற்றல் படிப்படியாகப் பரவியது.

இத்தொழிலின் பெருங்களம் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரம். மேற்கு ஆபிரிக்காவின் கரையில் அடிமைகளை வாங்குவதற்கு விலையாகக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகளும் 18ஆம் நூற்றாண்டில் இந்நகரின் பட்டறைகளிலிருந்து சென்றவையே என்பதை நாம் மறத்தலாகாது. அங்கு ஒரு துப்பாக்கியை ஒருவர் செய்வதில்லை. குழல் சமைப்போர், துளை கடைவோர், பூட்டுச் செய்வோர், கட்டை செதுக்குவோர் எனச் சிறு பட்டறைகளிற் பிரிந்திருந்த பலரின் கைகளைக் கடந்தே அது முழுமை பெற்றது. அவ்வரிசையின் கடைசிக் கைகளுள் ஒன்று பழுப்பேற்றுவோனுடையது.

அவனுடைய வேலை பொறுமையின் வேலை. குழலின் இரு வாயையும் மரத்தக்கைகளால் அடைப்பான். சுண்ணாம்பு தேய்த்து எண்ணெய்ப் பசை முழுவதையும் போக்குவான். அதன்பின் வெறுங்கை குழலிற் படலாகாது. ஒரு விரல் பட்டாலும் அந்த இடத்திற் கறை விழும். நைத்திரிக்கமிலம், மயில்துத்தம், சவ்வீரம் முதலியன கலந்த நீர்மத்தைத் துணியில் நனைத்து மெல்லப் பூசுவான். ஈரமான வெப்ப அறையிற் குழலை வைத்து, மெல்லிய துரு பூக்கும்வரை காத்திருப்பான். பின்னர் கம்பித் தூரிகையால் அத்துருவைத் தேய்த்தெடுப்பான். மறுபடியும் பூசுவான், மறுபடியும் காத்திருப்பான். நிறம் நிறையும்வரை நாட்கணக்கில் இது நடைபெறும். ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாக மாறிக் கருநீல நிறம் வரும். அவ்வாறு இடாவிட்டாற் பழுப்பு நிறம் நிலைக்கும். ஈற்றில் அமிலம் போகக் கழுவி, எண்ணெயோ மெழுகோ பூசி முடிப்பான்.

டமாஸ்கஸ் குழல்களில் இவ்வேலை இன்னும் நுண்ணியது. பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அண்மையிலுள்ள வேஸ்த்ர் பள்ளத்தாக்குக் கிராமங்களில், இரும்பையும் உருக்கையும் கீற்றுகளாக்கி முறுக்கிக் காய்ச்சி அடித்து அக்குழல்களைச் செய்தனர். அவை பேர்மிங்காமுக்கும் சென்றன. இரும்பும் உருக்கும் வெவ்வேறு வகையில் நிறமேற்பதால், அதுவரை மறைந்திருந்த சுருட்கோலம் பழுப்பேற்றுவோனின் கையிலேதான் வெளிப்பட்டது.

அவன் கையாண்ட சவ்வீரம் இரசத்தின் கொடிய உப்பு. தோல் வழியாகவும் உடலிற் புகும் நஞ்சு. அமில ஆவியும் துருத்தூளும் நிறைந்த அறையில் அவன் நாட்களைக் கழித்தான். ஆயினும் குழலின் மேற் பொறிக்கப்பட்டது பெரும்பாலும் துப்பாக்கியை விற்ற கடைக்காரனின் பெயரே.

அதனை வாங்கியவர் யார்? 1671ஆம் ஆண்டின் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலமுடையோர் முதலிய சிலரே இங்கிலாந்தில் வேட்டையாடலாம். 1831ஆம் ஆண்டிலேதான் அவ்விதி நீங்கியது. 1828ஆம் ஆண்டின் சட்டம் இரவிற் களவாக வேட்டையாடி மூன்றாம் முறை பிடிபட்டவனைக் கடல்கடத்தவும் இடமளித்தது. துப்பாக்கியைத் துருவினின்று காத்தவன், பசிக்கு ஒரு முயலைச் சுட்டாற் குற்றவாளி! ஒரே பொருளைச் செய்பவனுக்கும் உடையவனுக்கும் இடையிலிருந்த தூரம் இதுவே.

தொழிலாளரின் அனுபவ அறிவை மேலோர் இகழ்ந்ததற்கும் இவ்வரலாற்றிற் சான்று உண்டு. கரிமருந்து வழங்கிய காலத்திற் சுட்ட குழலை வெந்நீர் விட்டுக் கழுவுவதே வழக்கம். 1880களின் இறுதியிற் புகையில்லா வெடிமருந்து பரவியது. கரி படியாத குழலுக்கு நீர் எதற்கு என்று எண்ணெய் துடைப்பதோடு பலர் நின்றனர். குழல்களோ உள்ளே துருப்பிடித்தன. புதிய மருந்தின் அமிலமே காரணம் என்று பல்லாண்டு வாதிட்டனர். 1922ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர் வில்பேட் ஹஃப் உண்மையை வெளியிட்டார். தோட்டாவின் தீமூட்டியிலிருந்த பொற்றாசியம் குளோரேற்று, வெடித்தபின் பொற்றாசியம் குளோரைட்டாக மாறிக் குழலிற் படிகிறது. அது நம் உணவு உப்பின் உடன்பிறப்பு, ஈரத்தை இழுப்பது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். துருவுக்குக் காரணமான நீரே துருவுக்கு மருந்துமாயிற்று. பழைய வழக்கம் தன் காரணத்தை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அது சரியான வழக்கமே.

தொழிற்சாலை யுகம் தன் வழியை வகுத்தது. 1906ஆம் ஆண்டில் அதே பேர்மிங்காமைச் சேர்ந்த தோமஸ் கொஸ்லெற், இரும்பைப் பொசுபோரிக்கமிலக் கரைசலிற் கொதிக்கவைத்து அதன்மேற் பொசுபேற்றுப் படையொன்றை உண்டாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவின் பாக்கர் கம்பனி அதனை வளர்த்தெடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கலங்கள் இவ்வகைத் தொட்டிகளில் மூழ்கிச் சாம்பல்நிறம் பெற்றன. நாட்கணக்கான கைவேலை நிமிடக்கணக்கில் முடிந்தது. பழுப்பேற்றுவோனை நஞ்சு நிறைந்த அறையிலிருந்து இயந்திரம் விடுவித்தது உண்மை. அவன் தொழிலையும் அது பறித்துக்கொண்டது.

ஆயினும் அறிவு படைக்கலத்தோடு நின்றுவிடவில்லை. இன்று மோட்டார் வண்டியின் தகட்டுக்கு வர்ணம் பூசுமுன்னர் இடப்படும் பொசுபேற்றுப் படை அந்த முறையின் வழிவந்ததே. உயிரைப் பறிக்கும் கருவிக்காகக் கற்றது, மக்களைச் சுமந்து செல்லும் வண்டிக்கும் பயன்படுகிறது. அறிவு தானாக யார் பக்கமும் சேர்வதில்லை; அதனைத் தம் வசம் வைத்திருப்போரின் தேவைக்கே அது உழைக்கிறது.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பறையில் இதனைச் செய்து காட்டலாம். பளபளக்கத் தேய்த்த ஆணியொன்றை உப்புநீர் தெளித்து ஓரிரவு வையுங்கள். மெல்லிய செந்துரு பூத்ததும் நல்ல நீரிற் கழுவிக் கொதிக்க வையுங்கள். துரு கருமையாவதை மாணவர் தம் கண்ணாற் காண்பர். அப்பொழுது ஒட்சைட்டின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். இதனை முதன்முதற் கண்டறிந்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் ஏன் இல்லை என்ற கேள்வியையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள்.