டவல் போர்த்தாத நாற்காலி

நான் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலிக்கு ஐந்து கால்கள். ஆனாலும் வாய் அதை நாற்காலி என்றுதான் சொல்கிறது.

2020-இல் ஊரடங்கு வந்தபோது மூன்று மாதம் வீட்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கோட் எழுதினேன். ஜூலையில் ஒருநாள் காலை, பல் தேய்த்துவிட்டுத் துப்பக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “முதல்ல சேரை மாத்துங்க” என்றார். 18,000 ரூபாய்க்கு ‘எர்கனாமிக்’ என்று போட்டிருந்த ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முதுகு தேவலாம் போல ஆனது. தொடை மரத்துப்போக ஆரம்பித்தது. டேப்பை எடுத்து அளந்தேன். சீட்டை எவ்வளவு இறக்கினாலும் தரையிலிருந்து 45 செ.மீ. என் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை 40 செ.மீ.தான். நடுவில் இருக்கும் அந்த 5 செ.மீ. யாருடைய கால்? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கதையெல்லாம் படித்தேன்.

1849-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் தாமஸ் வாரன் என்பவர் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. சீட்டுக்கு அடியில் வளைந்த எஃகு ஸ்பிரிங்குகள், சுழலும் அச்சு, காலில் சக்கரம், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே சாயும் இருக்கை. இடுப்புத் தாங்கலைச் சரிசெய்யும் வசதியைத் தவிர இன்றைய ஆபீஸ் சேரின் முக்கியமான அம்சங்கள் எல்லாம் அப்போதே அதில் இருந்தன. ‘எர்கனாமிக்ஸ்’ என்ற சொல்லை போலந்து விஞ்ஞானி வோய்செக் யஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி எழுதியதுகூட 1857-இல்தான். அப்புறம் ஏன் உடம்புக்கேற்ற நாற்காலி வர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது?

இன்ஜினியராக எனக்கு முதலில் தோன்றிய பதில், தொழில்நுட்பம் போதவில்லை என்பது. அது தப்பு. அலுவலகம் நாற்காலியிடம் கேட்டது வேறு ஒன்றை. உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. அம்மா தென்மாவட்டத்து அரசு அலுவலகம் ஒன்றில் 31 வருடம் டைப்பிஸ்ட். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். அதிகாரியின் நாற்காலி உயரமானது. கை உண்டு, குஷன் உண்டு, முதுகில் வெள்ளை டவல் போர்த்தியிருக்கும். கண்காணிப்பாளருக்குக் கை உண்டு, டவல் கிடையாது. டைப்பிஸ்ட்டுக்குக் கையும் கிடையாது. அம்மாவின் நாற்காலியில் பிரம்புப் பின்னல் தொய்ந்து குழியாகியிருந்தது. பழைய கணக்குப் பேரேடு ஒன்றைக் குழியில் வைத்து, அதன்மேல் மடித்த சேலைத்துணி போட்டு உட்காருவார். அந்த அறையிலேயே அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

அமெரிக்காவிலும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. 1900-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் லாய்ட் ரைட், பஃபலோ நகரத்தில் லார்கின் கம்பெனிக்குக் கட்டடம் கட்டினார். குமாஸ்தாக்களில் பலருக்கு அவர் கொடுத்த இருக்கை மேஜையோடு இரும்புக் கையால் பிணைக்கப்பட்டது. தரையைக் கூட்டிப் பெருக்க அது வசதி. உட்கார்ந்தவர் நகர முடியாது. 1939-இல் ரசீன் நகரில் ஜான்சன் வாக்ஸ் அலுவலகத்துக்கு அவரே மூன்று கால் நாற்காலி செய்தார். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி ஒழுங்காக உட்கார்ந்தால் நிற்கும், ஒருக்களித்தால் கவிழும். அதில் உட்காரப்போய் ரைட்டே விழுந்தார் என்றும், அதன் பிறகுதான் நான்காவது கால் வந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

இதைப் படித்ததும் கி.ராஜநாராயணனின் ‘நாற்காலி’ நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த சப் ஜட்ஜ் முக்காலியில் உட்காரப் போய் விழுவார். அதனால்தான் அந்த வீட்டில் நாற்காலி செய்ய முடிவெடுப்பார்கள். இரண்டு இடத்திலும் பெரிய மனுஷன் விழுந்தால்தான் மரத்துக்கு இன்னொரு கால் முளைக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் உடம்பின் பக்கம் பார்வை திரும்பியது. 1948-இல் சுவீடன் மருத்துவர் பெங்க்ட் ஓகர்ப்ளூம் உட்காரும் நிலை பற்றித் தனி ஆய்வு நூலே எழுதினார். அறுபதுகளில் அதே நாட்டின் ஆல்ஃப் நாகெம்சன், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடச் சாயாமல் உட்காரும்போது அழுத்தம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம் என்றார். 1999-இல் ஜெர்மனியில் வில்கேயின் குழு வேறு முறையில் அளந்தபோது, தளர்வாக உட்காரும்போது அப்படி அதிகரிக்கவில்லை என்று தெரிந்தது. ‘நேரா உட்காரு’ என்று நம்மைத் தட்டி வளர்த்த அத்தனை வாத்தியார்களையும் அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரே நிலையில் வெகுநேரம் இருக்காமல், அசைந்து மாறிக்கொண்டே இருப்பதுதான் முதுகுக்கு நல்லது.

அசைவுக்கு இடம் தரும் நாற்காலியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பில் ஸ்டம்ஃப். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலும்பு, ரத்தநாள நிபுணர்களோடு சேர்ந்து மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று ஆராய்ந்தவர். 1976-இல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்தது ‘எர்கான்’. எண்பதுகளின் கடைசியில் அதே நிறுவனம் அவரையும் டான் சாட்விக்கையும் முதியவர்களுக்கான இருக்கை ஒன்றைச் செய்யச் சொன்னது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வயதானவர்களுக்குக் கனத்த ஃபோம் மெத்தை சூட்டையும் வியர்வையையும் தேக்கி, படுக்கைப் புண் வரக் காரணமாகிறது. ஃபோமை மெலிதாக்கி, நெய்த பிளாஸ்டிக் துணியை இழுத்துக் கட்டினார்கள். ‘சாரா’ என்று பெயர் வைத்தார்கள். விற்க வழி தெரியாமல் நிறுவனம் அதைக் கைவிட்டது.

அந்த வலைத்துணிதான் 1994-இல் ‘ஏரான்’ நாற்காலியாகத் திரும்பி வந்தது. ஃபோமே கிடையாது, காற்று போகும் வலை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அதுவரை ஒரே மாடலில்கூட மேலாளர் வகை, டைப்பிஸ்ட் வகை என்று பதவிவாரியாக நாற்காலி செய்வதுதான் வழக்கம். ஏரானை ஏ, பி, சி என்று மூன்று அளவில், செருப்புக்கு நம்பர் போடுவதுபோல, உடம்பைப் பார்த்துச் செய்தார்கள். முதலாளிக்கும் டைப்பிஸ்ட்டுக்கும் ஒரே நாற்காலி, உடல் அளவு மட்டும் வேறு.

அது ரொம்ப நாள் தாங்கவில்லை. விலை அதைத் திரும்பவும் சிம்மாசனம் ஆக்கியது. டாட்காம் கம்பெனிகள் முதலீட்டுப் பணத்தில் அதை வரிசையாக வாங்கிப் போட்டன. 2000-க்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தபோது காலி அலுவலகங்களில் அந்த நாற்காலிகள்தான் மிஞ்சின. பாட்டிகளுக்காக யோசித்த வலை, இருபத்தைந்து வயது பையன்களின் அந்தஸ்து ஆனது.

என் 5 செ.மீ.க்கும் இங்கேதான் பதில் இருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் ‘ஜோ’, ‘ஜோசஃபின்’ என்று இரண்டு சராசரி உடம்புகளை வரைந்து, அளவுகளை 1960-இல் நூலாக்கினார். பிறகு வந்த அமெரிக்கத் தரநிலைகளிலும் அந்நாட்டு உடம்புகளே அடிப்படை. இந்திய உடம்புகளை அளந்த தேபகுமார் சக்ரவர்த்தியின் நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் 1997-இல் வெளியிட்டது. அளவுகள் இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டு மாடலைப் பார்த்துச் செய்த ஒரு நாற்காலிக்கு அதைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, என்ன செய்தேன்? முதலில் குட்டையான கேஸ் லிஃப்ட் வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் என் மேஜை 75 செ.மீ. சீட்டை இறக்கினால் முழங்கை மேஜைக்குக் கீழே போய், தோள் தூக்கிக்கொள்ளும். நாற்காலியை மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் எதிர்த் திசையில் போனேன். தோள் தளர்ந்து, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை சீட்டை ஏற்றினேன்: 50 செ.மீ. பாதத்துக்கு 10 செ.மீ. உயரத்தில் மரப்பலகை. சீட்டு விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. இடுப்புத் தாங்கல் பெல்ட் போடும் இடத்தில். கைப்பிடி தோளைத் தூக்காத உயரத்தில். கடைசியாக, சாய்வைப் பூட்டி வைக்கும் லிவரைத் திறந்துவிட்டேன். செலவு, பலகைக்கு 200 ரூபாய்.

போன தீபாவளிக்கு அம்மா சென்னை வந்திருந்தார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உட்காரவில்லை. “ஏய்யா, ஆபீசர் சேர் மாதிரில்ல இருக்கு” என்றார்.

அவருடைய பணி ஓய்வு நாள் போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. அன்று ஒருநாள் மட்டும் டவல் போர்த்திய நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கழுத்தில் மாலை. கால் தரையைத் தொடவில்லை. ஒரு செருப்பு கழன்று கீழே கிடக்கிறது. இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்தும் செருப்பை நான் கவனித்ததே இல்லை.

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். என் பலகையிலும் அவருக்குப் பாதம் எட்டவில்லை. நாலு செ.மீ. குறைந்தது. அலமாரியிலிருந்து என் பழைய இன்ஜினியரிங் மேத்ஸ் புத்தகத்தை எடுத்துக் காலடியில் வைக்கப் போனேன்.

“புஸ்தகத்து மேல கால் வைக்கச் சொல்லுதியே” என்று பாதத்தை இழுத்துக்கொண்டார்.

“31 வருஷம் பேரேட்டு மேல உட்காந்தீங்களேம்மா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது வேற வழி இல்லாம” என்றார்.

நான் பக்கத்துக் கார்ப்பென்டர் கடைக்குப் போய் இன்னொரு பலகை வாங்கிவந்தேன்.