விலக்குக்கு முந்தைய வாரம்: இரண்டு மருத்துவர்கள், இரண்டு கணக்குகள்

நியூயார்க்கின் ராபர்ட் ஃபிராங்க் 1931இல் 15 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாதவிலக்குக்கு ஏழு முதல் பத்து நாட்கள் முன்பு இருப்புக்கொள்ளாமை, எரிச்சல், படபடப்பு. விலக்கு வந்ததும் எல்லாம் விட்டுப்போகிறது. இதை அவர் 'இறுக்கம்' என்றார். ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு மீறித் தேங்குவதே காரணம் என்பது அவர் முடிவு. எனவே தேங்கியதை வெளியேற்ற மருந்து கொடுத்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் சினைப்பைகளுக்கு எக்ஸ் கதிரே பாய்ச்சினார். கோபம் தணிய சினைப்பையையே முடக்குவது அன்றைக்கு மிகையாகத் தோன்றவில்லை.

லண்டனின் காத்தரினா டால்டன் நேர்மாறான பக்கத்திலிருந்து வந்தார். விலக்குக்கு முன் வாட்டும் ஒற்றைத் தலைவலி தன் கர்ப்பகாலத்தில் காணாமல் போனதை அவரே கவனித்திருந்தார். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் பெருகும். அப்படியானால் அது குறைவதுதான் கோளாறு. 1953இல் ரேமண்ட் கிரீனோடு (நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் அண்ணன்) சேர்ந்து எழுதிய கட்டுரையில், இது மன இறுக்கம் மட்டுமல்ல, தலைவலி, உடல் வீக்கம், ஆஸ்துமா வரை விரியும் தொகுப்பு என்றார். பி.எம்.எஸ். (பிரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்) என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

ஒருவர் மிகுதி என்றார், மற்றவர் குறைவு என்றார். இருவர் கணக்கும் தப்பு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சினைப்பையின் சுரப்பை மருந்தால் நிறுத்தியதும் பலருக்குத் தொல்லை அடங்கியது. பிறகு இயல்பான அளவில் ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தபோது அவர்களுக்குத் தொல்லை திரும்பியது, பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன் ஒன்றும் செய்யவில்லை. ஆக, சுரக்கும் அளவில் கோளாறில்லை. அதற்கு அவரவர் மூளை காட்டும் எதிர்வினைதான் வேறுபடுகிறது.

காரணத்தில் தோற்றவர்கள் வாழ்க்கையைக் கணித்ததில் எப்படி? இங்கேதான் டால்டன் எனக்கு உறுத்துகிறார். ஃபிராங்கின் பார்வை 15 நோயாளிகளோடு நின்றது. டால்டனோ பள்ளி மாணவிகளின் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தார், சிறைப் பெண்களைப் பார்த்தார், சின்னச் சளி இருமலுக்குக்கூட அம்மாக்கள் எந்த நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள் என்றும் பார்த்தார். காதலனைக் காரால் மோதிக் கொன்ற பெண்ணுக்காக 1981இல் அவர் சொன்ன சாட்சியம் கொலைக் குற்றச்சாட்டைக் குறைக்க உதவியது. அந்த வாரத்தின் பாரத்தை உலகம் நம்பத் தொடங்கியது உண்மை. ஆனால் கணக்கில் வந்ததில் பெரும்பகுதி பள்ளிக்கும் சட்டத்துக்கும் குழந்தைக்கும் ஏற்பட்ட நட்டம். தோழியோடு பேசப் பிடிக்காமல் போனை எடுக்காதது, அலுவலகக் கழிப்பறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்வது, சிநேகிதனிடம் சொன்ன சொல்லுக்கு அடுத்த வாரம் முழுக்கக் கூசுவது: இவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அவற்றைப் பிடிக்கும் கருவியையும் டால்டனே கையில் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதங்களும் தேதிகளும் போட்ட ஒரு கட்ட அட்டை; விலக்கு நாட்களுக்கு ஒரு குறி, தலைவலிக்கு ஒரு குறி. அவர் நம்பிய புரோஜெஸ்டிரோன் சிகிச்சைக்குப் பிற்கால ஆய்வுகளில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் அட்டை நிலைத்தது. கடுமையான வகையைத் தனி மனநோயாக 2013இல் ஏற்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, இரண்டு சுழற்சிக்காவது அன்றன்றைய குறிப்பைக் கேட்கிறது. நினைவிலிருந்து சொன்னால் போதாது. மாதம் முழுக்க இருக்கும் மனச்சோர்வு விலக்குக்கு முன் கூடுவதும், அந்த வாரத்தில் மட்டுமே வந்து போவதும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகையினர் பலருக்கு மனச்சோர்வு மாத்திரையை விலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் கொடுத்தாலே போதும், முதல் வகையினருக்கு அது போதாது.