ஒரு முன்னிலைப் பெயரும் ஒரு தனி இருக்கையும்

குவேக்கர்களின் சமத்துவக் கொள்கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அடிமைமுறை எதிர்ப்பிலிருந்தே தொடங்குவர். மொழியியல் மாணவர்கள் அதற்கும் முன்னே, ஒரு முன்னிலைப் பெயரிலிருந்து தொடங்கலாம்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலத்தில் ஒருவரை விளிக்க இரு வடிவங்கள் வழங்கின. 'தௌ' நம் 'நீ'யைப் போன்றது. 'யூ' நம் 'நீங்கள்' போன்ற மரியாதைப் பன்மை. மேலோருக்கு 'யூ' என்பதே மரபு. 1650களில் ஜார்ஜ் ஃபாக்ஸும் அவரைப் பின்பற்றியோரும் நீதிபதியையும் பணியாளையும் ஒருங்கே 'தௌ' என்றனர். எவர் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். எல்லா மனிதரிடத்தும் இறையொளி உறைகிறதென்றால் சிலருக்கு மட்டும் பன்மை எதற்கு?

இம்மறுப்பின் விலை வீட்டுக்குள்ளும் செலுத்தப்பட்டது. பின்னாளில் பார்வையிழந்த மில்டனுக்கு நூல்களை வாசித்துக் காட்டிய தாமஸ் எல்வுட், தந்தையின் முன் தொப்பியணிந்து நின்றதற்கும் அவரைத் 'தௌ' என்றதற்கும் தாம் அடிபட்டதைத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஆனால், எல்வுட்டுக்குக் கலகமாயிருந்த வழக்கு, குவேக்கர் இல்லங்களில் பிறந்த அடுத்த தலைமுறைகளுக்குத் தாய்மொழியாயிற்று. கலகம் வளர்ப்புமுறையாக மாறியபின் அதன் கூர்மை எஞ்சுமா என்பதே வரலாற்றுக் கேள்வி.

சான்றுகள் இருபுறமும் உள்ளன. பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688இலேயே அடிமைமுறைக்கு எதிரான விண்ணப்பம் எழுதப்பட்டது. எனினும் அடிமைகளை வைத்திருப்பதைப் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் தன் உறுப்பினருக்குத் தடைசெய்தது 1776இல்தான். இடையில் 88 ஆண்டுகள். அதன் பின்னும், பிலடெல்பியாவின் ஆர்ச் தெருக் கூட்ட அரங்கில் கறுப்பினத்தவருக்கெனத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டிருந்ததைக் கறுப்பின ஆசிரியை சாரா மாப்ஸ் டக்ளஸ் 1837இல் எழுதிய கடிதத்தில் வேதனையுடன் குறித்தார்.

மறுபுறம், 1793இல் நான்டக்கெட் தீவின் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்த லுக்ரீஷியா மாட். அவர் பயின்று கற்பித்த நைன் பார்ட்னர்ஸ் என்னும் குவேக்கர் பள்ளியில் மாணவியரும் மாணவரும் ஒரே கட்டணம் செலுத்தினர். ஆசிரியைகளுக்கோ ஆண்களின் ஊதியத்தில் பாதியே கிடைத்தது. பெண்ணுரிமைச் சிந்தனைக்குத் தம்மை இட்டுச்சென்றவற்றுள் ஒன்றாக இதனை அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். 1848இல் செனெகா ஃபால்ஸ் மாநாட்டை முன்னின்று நடத்தியோருள் அவரும் ஒருவர்.

குவேக்கர் வளர்ப்பு சமத்துவச் சமூகத்தை உருவாக்கித் தரவில்லை. தம் சமூகத்தையே அளந்து குறை காணும் அளவுகோலை அது சில பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பொது ஆங்கிலமோ 'தௌ'வைக் கைவிட்டு அனைவரையும் 'யூ' என்றழைக்கலாயிற்று. விளிச்சொல் சமமானதால் ஊதியமும் இருக்கையும் சமமாகிவிடவில்லை என்பதை, மரியாதை வடிவங்களை ஆராயும் நாம் மறத்தலாகாது.