பழைய அஞ்சலட்டைகளில் சென்னை: மறைந்த இடங்களை அடையாளம் காணுதல்

ஒரு நகரத்தின் பழைய தோற்றத்தை அறிய உதவும் சான்றுகளில் ஒளிப்படங்களும் பட அஞ்சலட்டைகளும் முக்கியமானவை. சென்னைக்கு இவ்வகைச் சான்றுகள் ஏராளமாக உள்ளன. 1850களின் தொடக்கத்திலேயே பிரெடரிக் பீபிக் என்பவர் இந்நகரைப் படமெடுத்தார். அவர் எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பின்னர் நிக்கோலஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற படநிலையங்கள் இங்கே தொழில் நடத்தின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற புத்தகக் கடைகள் நகரக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றன. 2018இல் லண்டன் சோயாஸ் கல்வி நிறுவனத்தில் மெட்ராஸ், பெங்களூர் அஞ்சலட்டைகளை மட்டுமே கொண்டு ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது.

படங்கள் கிடைப்பது எளிது. அவை எந்த இடத்தைக் காட்டுகின்றன என்று சொல்வதுதான் கடினம். தவறாக அடையாளம் காணப்பட்ட ஒரு படம் இணையத்தில் மீண்டும் மீண்டும் பகிரப்பட்டு, சில ஆண்டுகளில் தானே ஒரு சான்றாகிவிடுகிறது. இடிக்கப்பட்ட கட்டடங்களைப் பொறுத்தவரை இது பெரிய கேடு. நேரில் போய்ச் சரிபார்க்கக் கட்டடம் இல்லாததால், படத்தின் மேல் ஒட்டிக்கொண்ட தவறான பெயரே வரலாறாக நின்றுவிடும்.

படக்குறிப்பை நம்பலாமா?

அட்டையின் கீழே அச்சிட்டிருக்கும் குறிப்பைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் கடைசியாக நம்ப வேண்டியது அதுவே. மெட்ராஸ் காட்சிகளைக் கொண்ட அட்டைகளில் கணிசமானவை ஜெர்மனியில் அச்சாயின. அங்கே எழுத்துக் கோத்தவரும் வண்ணம் சேர்த்தவரும் சென்னையைக் கண்டவர்கள் அல்லர். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அவர்கள் மனம்போனபடி நிறம் சேர்த்தார்கள். செங்கல் கட்டடம் வெளிர்மஞ்சள் ஆகலாம். அழகுக்கு இடையூறு என்று கம்பிகளும் கம்பங்களும் அழிக்கப்படலாம். ஆகவே வண்ண அட்டையில் தெரியும் நிறத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

சரியான குறிப்பும் சில வேளைகளில் பயன்படுவதில்லை. 'மவுண்ட் ரோடு, மெட்ராஸ்' என்று ஓர் அட்டை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டைப் பக்கத்திலிருந்து பரங்கிமலை வரை போகும் நெடுஞ்சாலையில் அது எந்த இடம்? இன்னொரு சிக்கல், பெயர் ஒற்றுமை. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் கட்டடத்தை ஒட்டி நிற்பது விக்டோரியா பொது மண்டபம், 1880களில் கட்டப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1909இல் திறக்கப்பட்டது விக்டோரியா நினைவு மண்டபம். ஒரே அரசியின் பெயர், இரண்டையும் கட்டிய ஒப்பந்தக்காரரும் ஒருவரே: நம்பெருமாள் செட்டியார். குறிப்பில் 'விக்டோரியா ஹால்' என்று மட்டும் இருந்தால் கட்டடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். செங்கல் சுவரும் கேரளக் கூரையை நினைவூட்டும் கோபுரமும் இருந்தால் முன்னது. முகலாயர் பாணியில் பெரிய வாயில் வளைவும் செதுக்கிய மணற்கல்லும் இருந்தால் பின்னது.

தெருப் பெயர்கள் மாறியதும் தேடலைக் குழப்பும். பர்ஸ்ட் லைன் பீச் இன்றைய ராஜாஜி சாலை. சைனா பஜார் சாலை நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ஆனது. பாபம்ஸ் பிராட்வே பிரகாசம் சாலை ஆனது. ஆனால் இந்தப் பழைய பெயர்களே காலத்தைக் காட்டவும் செய்யும். 'பிளாக் டவுன்' என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஜார்ஜ் டவுன்' என்று மாற்றப்பட்டது. ஒரு குறிப்பில் எந்தப் பெயர் உள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

கடற்கரை: மிகுதியாக மாறிய இடம்

சென்னையின் பழைய படங்களில் இன்றைய வாசகரை அதிகம் குழப்புபவை கடற்கரைக் காட்சிகளே. வரிசையாகப் பெரிய கட்டடங்கள், முன்னே ஒரு சாலை, சாலையை ஒட்டி மணல், உடனே அலை. மணலில் மசூலா படகுகள். மெரினாவில் இப்படி ஓர் இடம் இல்லையே என்று தோன்றும். அது மெரினா அன்று. இன்றைய பாரிமுனைக்கு வடக்கே செல்லும் ராஜாஜி சாலை. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள் இங்கேதான் கரைசேர்த்தன. துறைமுக வேலை 1870களின் நடுவில் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் கட்டிய சுவர்களை உடைத்தது, மீண்டும் கட்டினார்கள்.

இந்தக் கரையோரப் படங்களின் காலத்தைக் கணிக்கக் கலங்கரை விளக்கங்கள் மிகவும் உதவும். சென்னையின் விளக்கு நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. 1796 முதல் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில். 1844 முதல் கிரேக்க பாணியில் அமைந்த உயரமான கல்தூணின் மேல். 1894 முதல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உயர்ந்த குவிமாடக் கோபுரத்தில். 1977 முதல் மெரினாவின் தென்பகுதியில் இப்போதுள்ள கோபுரத்தில்.

இனி, குறிப்பே இல்லாத ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மணற்கரை, படகுகள், பின்னால் தனியாக உயர்ந்து நிற்கும் ஒரு தூண். தூண் இருப்பதால் 1844க்குப் பிந்தியது. அந்தத் தூண் இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. ஆகவே இடமும் தெரிந்துவிட்டது. தூணுக்கு அருகே நீதிமன்றக் குவிமாடங்கள் இல்லை. அக்கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. கட்ட ஆரம்பித்தது 1888இல். எனவே படம் அதற்கு முந்தியது. கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் தெரிகிறதா? சரக்கு இறக்குவதற்கான அந்தப் பாலம் 1860களின் தொடக்கத்தில் வந்தது. படச்சட்டத்துக்குள் அது வர வேண்டிய திசை இருந்தும் பாலத்தைக் காணோம் என்றால், படம் இன்னும் பழையது. ஒரு சொல்கூட எழுதப்படாத படத்தை ஏறத்தாழ இருபதாண்டு எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டோம். இங்கே இருப்பதைப் போலவே இல்லாததும் சான்றாகிறது என்பதைக் கவனிக்கலாம். ஆனால் 'இல்லை' என்று சொல்லும் முன், அந்தத் திசை படத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

துறைமுகச் சுவர் இன்னொரு மாற்றத்தையும் செய்தது. கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கிக் கொண்டுசெல்லும் மணலை அது தடுத்தது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. கவர்னர் கிராண்ட் டப் 1884இல் உலாச்சாலை அமைத்து 'மெரினா' என்று பெயரிட்டார். விவேகானந்தர் இல்லம் என்று இன்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்டது. பனிக்கட்டியை விரைவாக இறக்கிச் சேர்க்க வசதியாகக் கடலோரத்தில் கட்டினார்கள். இன்று அங்கிருந்து அலையைத் தொட வெகுதூரம் மணலில் நடக்க வேண்டும். ஆகவே மெரினாப் படங்களில் கட்டடத்துக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியே ஒரு காலக்கணக்கு. ஐஸ் ஹவுஸின் ஜன்னல்களும் தாழ்வாரங்களும் பனிக்கட்டி வணிகம் நின்றபின் வீடாக மாற்றியபோது சேர்க்கப்பட்டவை. அவை இல்லாத படம் கிடைத்தால் அது முந்தைய நிலையைக் காட்டுகிறது.

இடம் மாறிய சிலைகள்

அடையாளச் சின்னத்தைக் கொண்டு இடத்தைச் சொல்வது எளிய வழி. சின்னமே இடம்பெயர்ந்தால்? கார்ன்வாலிஸ் பிரபுவின் சிலை 1800இல் கோட்டைக்குள் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கரைச் சாலையில் ஒரு குவிமாட மண்டபத்துக்குச் சென்றது. பிறகு கன்னிமாரா நூலகம். இப்போது மறுபடி கோட்டைக்குள், அருங்காட்சியகத்தில். சிலையைக் கண்டதும் 'இது கோட்டை' என்று எழுதிவிட முடியாது. பின்னால் கடற்காற்றில் சாயும் மரமா, அணிவகுப்புத் திடலா, நூலகச் சுவரா என்று பார்க்க வேண்டும். தேனாம்பேட்டையில் கார்ன்வாலிஸுக்குக் கட்டிய நினைவு மண்டபத்தின் பெயர் இன்றும் செனடாப் சாலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்டபம் அங்கே இல்லை.

மாறாக, ஜெனரல் நீல் சிலை ஆய்வாளருக்கு நல்ல துணை. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் அருகே நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. பலர் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை அமைந்தபின் சிலை எடுக்கப்பட்டது. எனவே சாலை நடுவே அச்சிலை நிற்கும் அட்டை 1937க்கு முந்தியது, இடமும் சந்தேகமில்லை. அதே படத்தில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் கீழ் எல்லை 1895. அந்த ஆண்டு மே மாதம் ஓடத் தொடங்கிய மின் டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. இதுபோலவே பாரிமுனையில் டேர் ஹவுஸ் தெரிந்தால் படம் 1940க்குப் பிந்தியது. மவுண்ட் ரோட்டில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. தெரிந்தால் 1950களின் பிற்பகுதிக்குப் பிந்தியது.

நிழலும் திசையும்

கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்து அச்சிட்டுவிட்டால் இடம் வலமாகிவிடும். சென்னையில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கடல் கிழக்கே. கரைச்சாலையில் வடக்கு நோக்கி எடுத்த படத்தில் கடல் வலப்புறம் இருக்க வேண்டும். இடப்புறம் இருந்தால் ஒன்று தெற்கு நோக்கி எடுத்தது, அல்லது தகடு புரண்டது. கடைப்பலகை எழுத்துகளும் ஆடவர் மேல்துண்டு போடும் தோளும் முடிவைச் சொல்லிவிடும். பலகையில் கடைப்பெயரைப் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அக்காலத்தில் ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் அச்சகத்தின் பஞ்சாங்க விவர நூலில் வணிக நிறுவனங்கள் முகவரியோடு பட்டியலிடப்பட்டுள்ளன. கடை எந்த ஆண்டு எந்தத் தெருவில் இருந்தது என்று அதில் தேடலாம்.

நிழலும் பேசும். கட்டடத்தின் நிழல் கடலை நோக்கி விழுந்தால் பிற்பகல், ஊரை நோக்கி விழுந்தால் காலை. சென்னை வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். நண்பகலில் வடக்கு முகப்பில் வெயில் விழுந்திருக்கும் படம் அந்த மாதங்களில் எடுத்தது.

அட்டையின் பின்பக்கம்

அஞ்சல் முத்திரையில் உள்ள தேதி படம் எடுத்த தேதி அன்று. ஒரே தகட்டிலிருந்து பல ஆண்டுகள் அட்டை அச்சிட்டு விற்றார்கள். ஆகவே முத்திரை மேல் எல்லையை மட்டுமே தரும். முகவரிக்கும் செய்திக்கும் பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் முறையை பிரிட்டன் 1902இல் அனுமதித்தது. மற்ற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்பற்றின. நடுக்கோடு இல்லாமல், செய்தியைப் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதிய அட்டை பழையது என்று கொள்ளலாம். தபால்தலையில் எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்பதும் உதவும்.

ஒரு வகை அட்டைகளில் இம்முறைகள் எவையும் எளிதில் பலிப்பதில்லை. தண்ணீர் சுமக்கும் பெண், நாவிதர், வண்டிக்காரர் என்று 'வகை மனிதர்'களைக் காட்டும் அட்டைகள் அவை. குறிப்பில் சாதியோ தொழிலோ இருக்கும். ஆளின் பெயர் இருக்காது, தெருவும் இருக்காது. பல, படநிலையத்துத் திரையின் முன் நிறுத்தி எடுத்தவை. கட்டடங்களுக்குக் கிடைத்த பெயரும் முகவரியும் அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெளியில் எடுத்த சிலவற்றில் மட்டும் பின்னே தெரியும் சுவரையோ கோபுரத்தையோ பற்றிக்கொண்டு இடத்தை நெருங்கலாம்.

கட்டடம் போய்விட்ட பிறகு படத்தை மண்ணில் பொருத்துவதற்கு எஞ்சியிருக்கும் அண்டைக் கட்டடமே பிடிமானம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் உள்ளது. பக்கத்துச் சென்ட்ரல் நிலையக் கோபுரம் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதைக் கொண்டு அட்டையில் தெரியும் சந்தை முகப்பின் இடத்தைக் குறிக்கலாம். ஓமந்தூரார் தோட்டத்தில் இருந்த பழைய அரசினர் மாளிகை 2008இல் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. அந்த வளாகம் இப்போது அரசு மருத்துவமனை. மாளிகையை ஒட்டி விருந்து மண்டபமாகக் கட்டப்பட்ட ராஜாஜி மண்டபம் நிற்கிறது. அதன் அகன்ற படிக்கட்டும் தூண் வரிசையும் தெரியும் பழைய அட்டை ஒன்று கிடைத்தால், படிக்கட்டிலிருந்து அளந்து, மாளிகை எங்கே தொடங்கியது என்று மருத்துவமனை வளாகத்துக்குள் நின்றபடி இன்றும் காட்ட முடியும்.