சிவப்பு முக்கோணமும் சிவப்பு ரிப்பனும்

பல்கலைக்கழகத்தில் நலவாழ்வுத் தொடர்பு மையம் தொடங்கினால், சின்னம் வரையும் வேலை பெரும்பாலும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழக முத்திரை, பக்கத்தில் ஸ்டெதஸ்கோப், நீலமோ பச்சையோ நிறம். அப்படி முடிக்கும் முன் இரண்டு பழைய சின்னங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் 1960களின் பிற்பகுதியில் வந்தது. மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் பிரச்சாரப் பொறுப்பில் இருந்த தீப் தியாகி அதை உருவாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோர் வாழ்ந்த, மாநிலத்துக்கு மாநிலம் மொழி மாறும் நாட்டுக்கு எழுத்தில்லாத அடையாளம் தேவைப்பட்டது. ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் நேர்கோடு போடத் தெரிந்த கையும் போதும். சுவர் விளம்பரம் எழுதும் எவரும் எந்த ஊரிலும் அதைப் பிழையின்றித் தீட்டலாம். சுகாதார நிலையத்துச் சுவரில் அது இருந்தால் உள்ளே கருத்தடை உதவி கிடைக்கும் என்று பொருள். இதைவிடத் தெளிவான பொதுநலச் சின்னம் இந்தியாவில் வரையப்பட்டதாக நான் கருதவில்லை.

சிவப்பு ரிப்பன், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக 1991இல் நியூயார்க்கில் ‘விஷுவல் எய்ட்ஸ்’ அமைப்பைச் சேர்ந்த கலைஞர்கள் கூடிச் செய்தது. ஒரு துண்டு ரிப்பனை மடித்து ஊக்கால் சட்டையில் குத்திக்கொள்ளலாம். அவர்கள் தனித்தனியாகப் பெயர் போட்டுக்கொள்ளவில்லை, காப்புரிமையும் கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து அணியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

செய்வதற்கு இரண்டும் எளிது. வேறுபாடு, அவற்றை ஏந்துவது யார் என்பதில் இருக்கிறது. முக்கோணம் சுவரில் இருந்துகொண்டு அரசின் குரலில் பேசியது. ரிப்பனை ஒருவர் தாமே விரும்பி நெஞ்சில் அணிகிறார், எதிரே வருபவர் “இது என்ன?” என்று கேட்டதும் பேச்சு தொடங்கிவிடுகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் இந்த வேறுபாட்டின் கனம் தெரிந்தது. 1976–77 ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பல இடங்களில் வலுக்கட்டாயமாக. உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டிய முக்கோணமே அச்சத்தையும் காட்டியது. 1977இல் துறையின் பெயர் ‘குடும்ப நலம்’ என மாறியது. வரைந்தவர் பிழை ஏதுமில்லை. ஒரே அதிகாரத்தின் கையில் இருந்த சின்னம் அந்த அதிகாரத்தின் பழியையும் சுமந்தது.

ரிப்பனுக்கும் குறை உண்டு. உரிமையாளர் இல்லாததால் 1992இல் மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு ரிப்பன் வந்தது. பிறகு நோய்க்கொரு நிறமாகப் பெருகி, எது எதற்கு என்ற குழப்பம் மிஞ்சியது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சிவப்பு ரிப்பன்தான் செஞ்சுருள் சங்கமாக வேர்பிடித்தது. எச்.ஐ.வி. பற்றி மாணவர்களே மாணவர்களிடம் பேசும் அமைப்பு அது.

பல்கலைக்கழக மையத்துக்கு நான் ரிப்பனின் வழியையே சொல்வேன். காசநோயைப் பற்றியோ கருத்தடையைப் பற்றியோ தயங்கித் தயங்கிக் கேட்க வரும் மாணவிக்கு, பல்கலைக்கழக முத்திரை ஓர் அலுவலகக் கதவாகத்தான் தெரியும். சின்னம் அவள் தன் நோட்டுப் புத்தகத்தில் தானே வரைந்துகொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். முக்கோணத்திடமிருந்து ஒரு சோதனையை மட்டும் கடன் வாங்கலாம். சின்னத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர்களே, ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன் அதைச் சுவர் விளம்பரம் எழுதுபவர் ஒருவரிடம் கொடுத்து, ஒரே நிறத்தில் வரையச் சொல்லிப் பாருங்கள்.