ஹாலைப் படைத்த சந்திரசேகரம்பிள்ளை

படங்களில் வந்த கொம்பியூட்டர்களுக்குள் எது பெஸ்ட் எண்டு கேட்டால் எங்கட செட்டுக்குள் சண்டை நிச்சயம். 'டெர்மினேட்டர்' பார்த்து வளர்ந்தவர்கள் ஸ்கைநெட் என்பார்கள். 'எந்திரன்' ஆட்கள் சிட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். (சிட்டி ரோபோ, அதைக் கணக்கில் எடுக்க ஏலாது என்பது எங்கள் நிலைப்பாடு.) ஆனால் எல்லாச் சண்டையும் கடைசியில் ஒரு சிவப்புக் கண்ணில்தான் வந்து நிற்கும். அது ஹால் 9000. 1968 இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் விண்கலக் கணினி. கையில்லை, காலில்லை, கோபமுமில்லை. கனடிய நடிகர் டக்ளஸ் ரெய்னின் குரலில் மரியாதையாகக் கதைத்துக்கொண்டே ஆட்களைக் கொல்கிறது. பிறகு வந்த எந்த வில்லன் கணினியும் இதைத் தாண்டவில்லை என்பதே எங்கள் தீர்ப்பு.

இந்த ஹாலைச் செய்தவர் யார் தெரியுமா? கலாநிதி சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை.

பகிடி இல்லை. படத்துக்குக் கதை எழுதிய ஆதர் சி. கிளார்க், அதன் தொடர்ச்சியாக '2010: ஒடிசி டூ' என்ற நாவலை 1982 இல் வெளியிட்டார். அதில் ஹாலின் சிருஷ்டிகர்த்தா இந்தப் பெயரோடுதான் வருகிறார். இலினோய் மாநிலத்து அர்பானாவில் இருக்கும் கணினியியல் பேராசிரியர். வாய் நுழையாத ஆட்களுக்காக 'டொக்டர் சந்திரா'. நாவலில் அவர் இந்திய வம்சாவளியினர்தான். ஆனாலும் பெயரைத் திரும்ப ஒருக்கா வாசித்துப் பாருங்கள். சந்திரசேகர் இல்லை, சந்திரசேகரன் இல்லை, சந்திரசேகரம், அதோடு பிள்ளை. இப்படி 'அம்'மில் முடிகிற பெயர்கள் எங்கள் ஊர் வாக்காளர் இடாப்பில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும். கிளார்க் இந்தப் பெயரைச் சென்னையில் இருந்து எடுக்கவில்லை, கொழும்பில் எங்கேயோ காதில் விழுந்த பெயரைத்தான் எடுத்திருப்பார் என்பது எங்கள் ஊகம். ஊகம் மட்டும்தான். ஆனால் ஆதாரமில்லாத ஆசை என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அந்த மனிதர் இருந்தது இங்கேதான்.

கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். அவரை இழுத்தது விண்வெளி அல்ல, கடல். சுழியோடுவதற்காக வந்தவர், நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கடலுக்குள் இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள். 1957 இல் வெளிவந்த அவருடைய 'த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்' என்ற புத்தகம் இந்தக் கடல் தேடலைப் பற்றியதுதான். படங்கள் மீது அவருக்கிருந்த ஆசையும் இங்கேயே தொடங்கிவிட்டது. மைக் வில்சன் இயக்கி 1962 இல் வந்த 'ரன்முது துவ' சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். அதற்குப் பணம் போட்டவர்களில் கிளார்க்கும் ஒருவர். கடலடிக் காட்சிகளை எடுத்தது திருகோணமலைப் பக்கம். ஆக, '2001'க்கு முன்பே கிளார்க் சினிமாக்காரர், அதுவும் இலங்கைச் சினிமாக்காரர். உலக ரெக் வரலாறுகளில் இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை.

குப்ரிக்கும் கிளார்க்கும் சந்தித்தது 1964 இல், நியூயோர்க்கில். நாவலும் திரைக்கதையும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து வளர்ந்தன. ஹாலுக்குத் தேவையான தீனி உண்மையான ஆய்வுகூடங்களில் இருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் ஒரு ஐபிஎம் கணினி 'டெய்சி பெல்' என்ற பழைய பாட்டைப் பாடியதைக் கிளார்க் நேரில் கேட்டிருந்தார். படத்தில் ஹாலின் மூளையை ஒவ்வொரு துண்டாகக் கழற்றும்போது அது அதே பாட்டைப் பாடிப் பாடி அடங்குகிறது. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மார்வின் மின்ஸ்கி படத்துக்கு ஆலோசகர். ஹால் விண்வெளி வீரரோடு செஸ் விளையாடும். அந்தக் காய்நிலை 1910 இல் ஹம்பேர்க்கில் உண்மையில் நடந்த ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்தது. குப்ரிக் செஸ் பைத்தியம். பத்து செக்கன் காட்சிக்கு இவ்வளவு மினக்கெட்டிருக்கிறார்.

அந்தப் படத்தில் வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டு தட்டையான திரையில் செய்தி பார்ப்பார்கள். இன்றைய டப்லெட்டேதான். 2011 இல் அப்பிள் நிறுவனம் ஐபேட் வடிவத்தைத் திருடியதாக வழக்குப் போட்டபோது, சாம்சங் தரப்பு இந்தக் காட்சியையே நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டி, இந்த வடிவம் 1968 இலேயே இருந்தது என்று வாதாடியது. படம் பார்க்கிறது நேரத்தை வீணாக்குற வேலை எண்டு ஏசுகிற அம்மா அப்பாமாருக்குச் சொல்ல நல்ல கதை.

சரி, கொழும்புக்கு வருவோம். '2010' நாவலைக் கிளார்க் எழுதியது ஆர்கைவ்ஸ் என்ற மைக்ரோ கணினியில், 'வேர்ட்ஸ்டார்' என்ற மென்பொருளில். முழு நாவலும் ஒரே ஒரு ஐந்து அங்குல ஃபிளொப்பியில் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்குப் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்தினூடாக இந்து சமுத்திரத்துக்கு மேலே நிற்கும் செய்மதி வழியாக அனுப்பப்பட்டன. பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் செய்மதிகளை வைத்து உலகம் முழுக்கத் தொடர்பு கொள்ளலாம் என்று 1945 இல் கட்டுரை எழுதியவரும் இதே கிளார்க்தான். தான் சொன்ன செய்மதியூடாகத் தன் நாவலின் திருத்தத்தை அனுப்பிய எழுத்தாளர் வேறு யாரும் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நாவலைப் படமாக்க வந்தவர் பீற்றர் ஹையம்ஸ். ஹொலிவூட்டில் இருந்த அவரும் கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் இருந்த கிளார்க்கும் ஆளுக்கொரு கேப்ரோ கணினியை வாங்கி, மொடெம் பூட்டி, தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1983 இன் பிற்பகுதி அது. கேப்ரோ என்றால் தையல் மெசின் பெட்டி மாதிரி ஒரு சாமான். ஏறத்தாழ 12 கிலோ, 9 அங்குலப் பச்சைத் திரை, 64 கிலோபைட் நினைவகம். உங்கள் போனில் இருக்கும் ஒரு ஸ்டிக்கர் கூட அதற்குள் அடங்காது. இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய அரை நாள் வித்தியாசம். ஒருவர் தூங்கும்போது மற்றவரின் கேள்வி வந்து கிடக்கும், எழும்பிப் பதில் எழுதலாம். வட்ஸ்அப்பில் நாங்கள் வெளிநாட்டு மச்சான்மாரோடு இப்ப செய்கிற அதே வேலை. அந்தக் கடிதங்கள் பின்னர் 'த ஒடிசி ஃபைல்' என்று புத்தகமாகவும் வந்தன. உலகின் இரண்டு மூலைகளிலிருந்து இருவர் ஒரு சினிமாவை மின்கடிதத்தில் பேசித் தீர்த்த முதல் கதைகளில் இது ஒன்று.

1983, கொழும்பு. இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கள் வீடுகளில் யாருக்கும் கேப்ரோ ஞாபகம் வராது.

ஜூலை 24 மாலை பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்துதான் கலவரம் கிளம்பியது. பார்ன்ஸ் பிளேசிலிருந்து கனத்தைக்கு நடந்தே போகலாம். வீடுகளும் கடைகளும் எரிந்தன, தமிழர்கள் அகதி முகாம்களுக்குள் ஒதுங்கினார்கள், பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். செய்திகளுக்குத் தணிக்கை. வெள்ளவத்தையில் இருந்த மகள் உயிரோடு இருக்கிறாளா என்று யாழ்ப்பாணத்தில் இருந்த தாய்க்குத் தெரியாது. அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அதே நகரத்திலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குச் சில நிமிடங்களில் எழுத்து பறந்துகொண்டிருந்தது.

இதில் கிளார்க்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமில்லை. அவர் தன் வேலையைச் செய்தார். எங்கள் பிரச்சினை வரலாறு எழுதப்படும் முறையோடுதான். கணினி வரலாற்றுக்காரர்களுக்கு 1983 இன் கொழும்பு என்பது தென்னை மரங்களுக்குள் ஒரு மொடெம், ஒரு அழகான ஆச்சரியம், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எழுதும் 83 இல் மொடெமுக்கு இடமே இல்லை. இரண்டும் ஒரே தொலைபேசிக் கம்பிகள் ஓடிய நகரத்தில்தான் நடந்தன. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு 'தொழில்நுட்ப வரலாறு' என்று ஒரு பாடம் வந்தால், அதை யாரிடம் கம்பி இருந்தது, யாரிடம் இருக்கவில்லை என்ற கேள்வியோடு தொடங்கவேண்டும் என்று கேட்போம்.

படம் 1984 டிசம்பரில் வந்தது. வெள்ளை மாளிகைக்கு முன்னால் வாங்கில் இருந்து புறாக்களுக்குத் தீனி போடும் கிழவர் கிளார்க்தான், கண்டுபிடியுங்கள். கடற்கரையில் கதாநாயகன் மடியில் வைத்துத் தட்டுவது அப்பிள் டூ சி. ஆனால் எங்கள் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை? அவர் 'டொக்டர் ஆர். சந்திரா' ஆகிவிட்டார். நடித்தவர் பொப் பாலபன் என்ற அமெரிக்கர். நல்ல நடிகர்தான், நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலகின் மிகப் புகழ்பெற்ற சினிமாக் கணினியைச் செய்த தமிழனின் முகம் திரைக்கு வரும் வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. இதற்கு முன்னரும் ஒருக்கா நடந்த விஷயம்தான். '2001' நாவலில் சாகும் தறுவாயில் ஹால் கூப்பிடுவது தன் ஆசிரியர் சந்திராவை. குப்ரிக்கின் படத்தில் அந்த இடத்தில் வருவது லாங்லி என்ற பெயர். எழுத்தில் இருந்த மனிதர் இரண்டு தடவையும் சினிமாவில் தொலைந்திருக்கிறார்.

இன்னொன்று. கலாநிதி சந்திரசேகரம்பிள்ளைக்கு அந்த வேர்ட்ஸ்டாரில் தன் பெயரைத் தமிழில் அடிக்க வழியிருந்திருக்காது. தமிழ் எழுத்துகள் யுனிகோட்டுக்குள் வந்தது 1991 இல். அதற்குப் பிறகும் எங்கள் ஊர் அச்சகங்களும் பள்ளிக்கூடங்களும் பாமினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தன, இப்பவும் சில இடங்களில் இருக்கின்றன.

சந்திராவைத் திரையில் தேடிப் போனவர்களுக்கு '2010' ஒரு நல்ல விஷயத்தைத் தருகிறது. குப்ரிக்கின் படத்தைப் பார்த்துவிட்டு ஹாலுக்குப் பைத்தியம் பிடித்தது, மெசின் எண்டால் அப்பிடித்தான், எண்டு முடிவுகட்டுபவர்கள் அதிகம். ஹால் ஏன் கொன்றது என்பதற்குச் சந்திரா விசாரித்துச் சொல்லும் காரணம் வேறு. தகவலை மாற்றாமல் மறைக்காமல் தரவேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட கணினி அது. அதனிடம் அதிகாரிகள், பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கலத்தில் இருப்பவர்களிடம் மறை என்று ரகசிய உத்தரவு போட்டார்கள். பொய் சொல்லப் பழகாத மூளை பொய்யையும் மெய்யையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் முறிந்தது. பழி முழுக்க மெசினின் தலையில் விழ, கையெழுத்துப் போட்டவர்கள் எங்களுக்குத் தெரியாதே என்றார்கள். தணிக்கைக் காலத்துக் கொழும்பிலிருந்து இதை வாசிக்கும்போது எங்களுக்கு இது வெறும் விண்வெளிக் கதையாகப் படவில்லை. இப்ப ஏஐ பற்றி நடக்கிற விவாதங்களிலும் மெசின் என்ன செய்யும் என்று கேட்கிற அளவுக்கு, அதற்கு யார் என்ன உத்தரவு போட்டார்கள் என்று ஆட்கள் கேட்பதாகத் தெரியவில்லை.

படத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடமும் சந்திராவினுடையது. தொடக்கத்தில், ஹாலின் தங்கை மாதிரியான சால் 9000 என்ற கணினியை அவர் நிறுத்தப் போகும்போது, தான் கனவு காண்பேனா என்று அது கேட்கிறது. ஓம், அறிவுள்ள எதுவும் கனவு காணும் என்கிறார், பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி. கடைசியில் ஹாலும் அதே கேள்வியைக் கேட்கிறது. அப்போது அது அழியப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும். உண்மையை முதலில் ஒளித்த சந்திராதான் அதைச் சொல்லியும்விட்டார். இந்தமுறை கேள்விக்கு அவருடைய பதில், தெரியாது என்பது மட்டும்தான்.

கேம் விளையாடுகிறவர்களுக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. கிளார்க்கின் 'ராமா' நாவல்களை வைத்து 1996 இல் சியரா நிறுவனம் ஒரு புதிர் விளையாட்டு வெளியிட்டது. அதற்குள் கிளார்க்கே வீடியோவில் தோன்றுவார். கிராபிக்ஸ் இப்ப பார்த்தால் சிரிப்பு வரும், புதிர்கள் மண்டையைப் பிளக்கும், ஆனால் விளையாடலாம். 'ராமா'வைப் படமாக்கப் போவது 'டியூன்' எடுத்த டெனி வில்நெவ் என்று 2021 இல் அறிவித்தார்கள். கிளார்க் 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமானார். அவரை அடக்கம் செய்ததும் பொரளை கனத்தையில்தான்.