கோபுரம் ஏறிய ரகசியம்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம்மவர்களுக்கு ராமாநுஜர்தான் நினைவுக்கு வருவார். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொல்லிவிட்டார் என்பது வழிவழியாக வந்த கதை. அந்த ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் டெல் கம்பெனி கம்ப்யூட்டர் தொழிற்சாலை திறந்தது. கம்ப்யூட்டரின் சரித்திரத்திலும் ஒரு கோபுரக் கதை உண்டு.

2000-ல் இன்டெல் கம்பெனி, மடிக் கம்ப்யூட்டருக்கான பென்டியம் 3 சில்லில் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பாட்டரியில் ஓடும்போது 650 மெகாஹெர்ட்ஸ் வேகம் 500 ஆகும், 1.6 வோல்ட் 1.35 ஆகும். மின்செலவு வேகத்தோடும் வோல்ட்டின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறி இறங்குவது. ஆகவே வேகத்தில் கால் பங்குகூடக் குறையாமல், மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

ஆனால் வேகத்தை மாற்றும் சூட்சுமம் முழுவதும் வெளியே வரவில்லை. லினக்ஸ்காரர்கள் கிடைத்த ஆவணங்களைப் படித்தும், மற்றதைத் துருவிக் கண்டுபிடித்தும் டிரைவர் எழுதினார்கள். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6-ல் அந்த வேகக் கணக்குகள் சின்னச் சின்னக் கோப்புகளாக வெளியே வந்தன. மாற்றி எழுதுவதற்கு நிர்வாகியின் அதிகாரம் வேண்டும், அவ்வளவுதான். மறு வருஷமே லினக்ஸில் சேர்ந்த, வேலைக்குத் தக்கபடி வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ‘ஆன்டிமாண்ட்’ நிரலை எழுதியவர்களில் ஒருவர் வெங்கடேஷ் பள்ளிபாடி. அவர் இருந்ததும் இன்டெல் கம்பெனியில்தான்!

காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று வாங்கியவன் சொல்ல முடியாவிட்டால், அது யாருடைய இயந்திரம்?